செபஸ்தியாம்பிள்ளை முகம் உரித்த தவக்காலம்

செபஸ்தியாம்பிள்ளையைச் சிலுவையில் அறையத் தொடங்கி இருபத்திரண்டு வருசம். வருசத்துக்கு ஒருக்கா, பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம், கோயில் வளவில் ஊர்ச்சனம் முழுக்கப் பார்த்திருக்க, அதே ஊர்க்காரர் நாலு பேர் பிடித்து அறைவார்கள். மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்துவிட்டு, திங்கட்கிழமை விடியக் கடலுக்குப் போய்விடுவார். ஊர் வங்காலைக்குக் கிட்ட, கரையோரம். பேரைச் சொன்னால் கோயில் கமிற்றிக்காரர் சண்டைக்கு வருவார்கள், ஆனபடியால் அதை விடுவோம்.

வேறு ஊர்களின் பாடுகள் நாடகத்தில் யேசுவாக வருகிறவர்கள் கசையடி விழும்போது கத்துவார்கள். சிலர் மைக் எங்கே இருக்கிறதென்று பார்த்து அந்தப் பக்கம் திரும்பிக் கத்துவார்கள். செபஸ்தியாம்பிள்ளை வாயே திறக்கமாட்டார். அதுதான் அவருடைய திறம். ஒரு வருசம் பஞ்சுச் சாட்டை காணாமல் போக, சேவகனாக வந்தவன் அவசரத்துக்கு நைலோன் கயிற்றை எடுத்து விளாசிவிட்டான். முதுகு பிளந்தது. மனுசன் மூச்சுக்கூட விடவில்லை. இன்னொரு வருசம் சிலுவை வழுக்கிக் காலில் விழுந்து பெருவிரல் நகம் கழன்றது. அதற்கும் ஒரு சத்தமில்லை. "எங்கட ஆள் போல ஒருத்தர் இலங்கையிலேயே இல்லை" என்று கமிற்றித் தலைவர் மரியநாயகம் ஒவ்வொரு உயிர்ப்புப் பெருநாளிலும் சொல்லுவார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது செபஸ்தியாம்பிள்ளைக்குத் தோள் ரெண்டு அங்குலம் உயரும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பதவிக்குரிய கஷ்டங்களையும் அவர் பொறுத்துக்கொண்டார். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து சாராயம் இல்லை. மீன் ஏலத்தில் கெட்ட வார்த்தை இல்லை. கெட்ட வார்த்தை இல்லாமல் மீன் ஏலம் போட்டுப் பாருங்கோ, அப்ப தெரியும். பஸ்ஸில் ஒரு பெண் எழும்பி இடம் கொடுத்து, "என்ர மனுசன்தான் உங்களுக்குச் சாட்டையால அடிக்கிறவர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று கண் கலங்கினாள். இவர் பெருந்தன்மையாகக் கையை உயர்த்தி மன்னித்துவிட்டு, அவளுடைய இடத்தில் உட்கார்ந்து மன்னார் மட்டும் போனார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில் மண் விழுந்தது ஒரு திரையால்.

வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப்பிள்ளைகள் சேர்ந்து அனுப்பிய பன்னிரண்டு அடித் திரை அது. கமெரா பிடிக்கிறது அந்தத் திரையில் பெரிதாகத் தெரியும், அங்கேயிருந்து அப்படியே கனடா, பிரான்ஸ் எல்லாம் போகும். குருத்து ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு ஒத்திகையில்தான் முதன்முதலாகப் போட்டுப் பார்த்தார்கள். யேசு பிடிபடுவதற்கு முன் செபிக்கிற கெத்சமெனித் தோட்டக் காட்சி. செபஸ்தியாம்பிள்ளை முழந்தாளில் நின்று வானத்தைப் பார்த்தார். திரையிலும் பார்த்தார், ஆனால் பன்னிரண்டு அடியில். நாற்பது வருசத்து வெயில் நெற்றியில் உழுது வைத்த சால் எல்லாம் வாய்க்கால் வாய்க்காலாகத் தெரிந்தது. ஒட்டுத்தாடி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், தொப்பி மறைக்கிற மேல் நெற்றி இன்னொரு நிறம்.

பின்னுக்கிருந்து ஒருவன் சொன்னான்: "யேசு முப்பத்திமூண்டு வயசிலயெல்லோ செத்தவர்? இவர் பென்சனும் எடுத்துப்போட்டு வந்த மாதிரிக் கிடக்கு!"

சனம் கொல்லென்று சிரித்தது. இருபத்திரண்டு வருசத்தில் கெத்சமெனியில் ஒருவரும் சிரித்ததில்லை. செபஸ்தியாம்பிள்ளை முழந்தாளிலிருந்து எழும்பவில்லை. எழும்பினால் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை.

புதிதாக வந்த பாதர் நல்ல மனுசன், இளந்தாரி. பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "ஐயா, குறை நினைக்காதேங்கோ. கமெரா வந்தபடியால் முகம் முக்கியமாப் போச்சு. வாற குருத்து ஞாயிறு பின்னேரம் நீங்களும் செய்யுங்கோ, பிரதீபனும் செய்யட்டும். திரையில பார்த்துத் தீர்மானிப்பம்."

பிரதீபன் என்கிறவன் பிரதேச சபைக் கந்தோரில் வேலை செய்கிற இருபத்தொன்பது வயதுப் பெடியன். சொந்தத் தாடி, சொந்தத் தலைமயிர், உடற்பயிற்சி செய்த நெஞ்சு. போதாக்குறைக்கு நல்லவன். "பெரியப்பா, எனக்கு இதில விருப்பமில்லை, கமிற்றிதான் கேட்டது" என்று வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனான். அவனைத் திட்டவும் வழியில்லாமல் போனதுதான் செபஸ்தியாம்பிள்ளைக்குப் பெரிய எரிச்சல்.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மனைவி சந்தனம் சோற்றுக்கோப்பையை எடுத்துக்கொண்டு போகும்போது, "இஞ்சேர், முகத்தை உரிக்கிறதுக்கு ஏதோ பூசுகினமாமே, என்னது அது?" என்று கேட்டார். சந்தனம் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, மன்னார் ரவுணில் வேணுஜா என்றொரு பிள்ளை பார்லர் வைத்திருக்கிறாள், கலியாணப் பொம்பிளையள் அங்கேதான் போகிறவர்கள் என்று சொன்னாள். 

திங்கட்கிழமை காலை ரெண்டு பேருமாகப் போனார்கள். வேணுஜா திருச்சி அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, அங்கேயே அழகுக்கலை படித்து, ஊர் திரும்பிய பிள்ளை. சாதாரணமாக மன்னார்க் கதைதான் கதைப்பாள். கோபம் வந்தால் மட்டும் திருச்சி வந்துவிடும்.

"அங்கிள், என்ன வேலை செய்யிறியள்?"

"கடல், பிள்ளை."

"அப்ப உங்களுக்கு இப்ப செய்யேலாது. பூசினாப் பிறகு ரெண்டு கிழமையாவது வெயில் படக்கூடாது."

"படாமல் பார்த்துக்கொள்ளுவன்."

"கடலில எப்பிடிப் படாமல் பார்ப்பியள்?"

"அது என்ர பாடு."

அவள் விடவில்லை. இதென்ன தேங்காய் உரிக்கிறதா என்று கேட்டாள். இது கரும்பிலிருந்து எடுக்கிற அசிட், மேல் தோலின் செத்த படையை இளக்கும், மூன்றாம் நாலாம் நாள் அது தானாக உதிரும், கையால் உரிக்கக்கூடாது, தேய்க்கக்கூடாது. ஒரு முறையில் வயது குறையாது. ஒரு மாதம் விட்டு ஒரு மாதம், நாலைந்து தரம் செய்தால் கொஞ்சம் தெளிவு வரும். வெள்ளையாக்கும் என்று யாராவது சொன்னால் அது பச்சைப் பொய். வாயோரம் கொப்புளம் வருகிறதா, காயம் ஆறினால் தழும்பு தடித்து நிற்குமா, ஏதாவது மருந்து எடுக்கிறாரா என்று வரிசையாகக் கேட்டாள். கடைசியில், "ஏதும் விசேசம் வருதோ, அங்கிள்?" என்றாள்.

இந்த இடத்தில் மனுசன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஐம்பத்தேழு வயதில் ஒரு பெண்பிள்ளையின் கடையில், கலியாணப் பொம்பிளை இருக்கிற கதிரையில் இருந்துகொண்டு, "நான் யேசு" என்று எப்படிச் சொல்லுவது? "பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க வேணும்" என்றுவிட்டார். சந்தனம் கூரையைப் பார்த்தாள்.

அன்றைக்கு முகத்தில் பூசவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு மட்டும் வைத்து, நேரம் பார்த்துக் கழுவி, "நாப்பத்தெட்டு மணித்தியாலம் பார்ப்பம். எரிஞ்சா, தடிச்சா, கொப்புளிச்சா உடனே போன் பண்ணுங்கோ" என்று அனுப்பினாள். ரெண்டு நாளும் அந்தக் காதை அவர் வீட்டுக்கு வந்த விருந்தாளி போலப் பார்த்துக்கொண்டார். ஒருக்களித்துப் படுக்கவில்லை. விடியவிடிய சந்தனம் ரோச் அடித்துப் பார்த்து, "ஒண்டுமில்லை" என்றாள். புதன்கிழமை போவதற்கு முதல், மரியாதைக்குப் போகிற இடமாச்சே என்று ரெண்டு தரம் சவரமும் எடுத்துக்கொண்டார். சவரம் எடுக்கக்கூடாதென்று வேணுஜா சொன்னது, ஐயோ, ஒரு காதால் போய் மற்றக் காதால் வந்துவிட்டது.

புதன்கிழமை வேணுஜா கண்ணோரம், மூக்கோரம், உதட்டோரம் எல்லாம் வாஸ்லின் தடவினாள். தூரிகையால் நெற்றியிலிருந்து பூசத் தொடங்கினாள். ஒரு கையில் மணிக்கூடு, பக்கத்தில் அசிட்டை முறிக்கிற அப்பச்சோடாக் கரைசல்.

"அங்கிள், இப்ப நான் கேக்கிறதுக்குச் சரியான பதில் சொல்லவேணும். உங்கட தோல் வெயிலில காய்ஞ்ச தோல், சிவக்கிறது என்ர கண்ணுக்குக் கெதியாத் தெரியாது. நீங்கள் சொல்லுறதை வச்சுத்தான் நான் கழுவுறது. பத்துக்கு எத்தினை எரியுது?"

எரிந்தது. முதலில் மிளகாய்த்தூள் கையால் முகத்தைத் தொட்ட மாதிரி. சவரக்கத்தி போன இடமெல்லாம் தனித்தனியாக எரிந்தது. உண்மையைச் சொன்னால் ஆறு.

ஆனால் பாருங்கோ, அது தவக்காலம். நோவை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிற காலம். இருபத்திரண்டு வருசமாகச் சாட்டையடிக்கு வாய் திறக்காத மனுசன் ஒரு தூரிகைக்குத் திறப்பதா? கண்ணை மூடி, ஆண்டவரே உமது பாடுகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளும் என்று மனதுக்குள் ஒப்புக்கொடுத்தார்.

"ஒண்டு" என்றார்.

அரை நிமிசம் போனது. "இப்ப பத்துக்கு எத்தினை?"

எட்டு. "ஒண்டு."

"உண்மையாவோ?"

"ஒண்டுக்கும் குறைவு, பிள்ளை."

வேணுஜா குழம்பிப்போனாள். தடித்த தோல், ஏறவில்லைப்போலும் என்று நினைத்தாள். ஒரு நிமிசத்தில் கழுவியிருக்க வேண்டியதை மூன்று நிமிசம் விட்டாள். செபஸ்தியாம்பிள்ளை செபமாலையில் பத்து மணிக்குரிய செபத்தை மனதுக்குள் சொல்லி முடித்தார். அப்பச்சோடாத் தண்ணீர் பட்டபோது பரலோகத்தின் கதவு திறந்த மாதிரி இருந்தது. சந்தனம் மட்டும் அவர் கதிரைக் கையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரல்முட்டெல்லாம் வெளிறியிருந்தது.

வெயில் படாமல் கடலுக்குப் போவது அவருடைய பாடு என்று சொன்னாரல்லவா? வியாழக்கிழமை விடிய, மோட்டர்சைக்கிள் ஹெல்மெற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு போட்டில் ஏறினார். முழு முகமும் மூடுகிற கறுத்தக் கண்ணாடி ஹெல்மெற். அக்கம்பக்கத்துப் போட்காரர் எல்லாம் வலையை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார்கள். "செபஸ்தி, கடலில ஹெல்மெற் சட்டம் வந்திட்டுதோ?" என்று ஒருவன் கத்தினான். மற்றவன் பயந்துபோய் வீட்டுக்குப் போன் எடுத்துத் தன்னுடைய ஹெல்மெற் எங்கே என்று கேட்டானாம்.

கொஞ்ச நேரத்தில் நேவிக்காரரின் படகு வந்தது. வராமல் இருக்குமா? தனியாக ஒருத்தன், கறுத்த ஹெல்மெற், இந்தியாப் பக்கம் பார்த்துக்கொண்டு. கழற்றச் சொன்னார்கள். இவர் வானத்தைக் காட்டினார், முகத்தைக் காட்டினார், தலையை ஆட்டினார். துவக்கைத் தூக்கினார்கள். கழற்றினார். சுட்ட இறால் நிறத்தில் பளபளவென்று ஒரு முகம் வெளியே வந்தது. அடையாள அட்டையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், திரும்ப அட்டையைப் பார்த்தார்கள். "மே ஒயா நெமெய்" என்றான் ஒருவன், இது நீ இல்லை என்று. செபஸ்தியாம்பிள்ளை தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பார்லர், அசிட், கரும்பு என்று விளங்கப்படுத்தினார். அதிகாரி நீண்ட நேரம் யோசித்தார். பிறகு தன்னுடைய கன்னத்தில் இருந்த பருத்தழும்பைத் தடவிக்கொண்டு, வேணுஜாவின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

வேணுஜா ஒவ்வொரு நாளும் போன் எடுத்துக் கேட்டாள். "நல்லா இருக்கு, பிள்ளை" என்றே ஒவ்வொரு நாளும் சொன்னார். வெள்ளிக்கிழமை முகம் இறுகிப் பறை மாதிரி ஆனது. சிரித்தால் வெடிக்கும் போல இருந்தது, நல்லவேளையாகச் சிரிக்க ஒன்றும் இருக்கவில்லை. சனிக்கிழமை வாயோரம் கபில நிறத்தில் தோல் எழும்பத் தொடங்கியது. "அந்தப் பிள்ளைக்குச் சொல்லுவம்" என்றாள் சந்தனம். "நாளைக்கு முடியட்டும்" என்றார். குருத்து ஞாயிறு காலைப் பவனியில் எல்லாரும் குருத்தோலையைத் தூக்கிப்பிடித்து ஓசன்னா பாட, இவர் மட்டும் ஓலையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, இடுக்கால் பார்த்து நடந்தார்.

பின்னேரம் ஒத்திகை. முதலில் பிரதீபன் செய்தான். திரையில் வடிவாகத்தான் இருந்தான், அதில் பொய்யில்லை. சனம் தலையாட்டியது. பிறகு செபஸ்தியாம்பிள்ளை. முகத்துக்குப் பவுடர் அப்பி, பசை வைத்துத் தாடி ஒட்டி, முள்முடி வைத்து, சிலுவையைத் தூக்கினார். பசை பட்ட இடம் நெருப்பாக எரிந்தது. வாய் திறக்கவில்லை.

வெரோணிக்கா யேசுவின் முகம் துடைக்கிற இடம் வந்தது. பாலர் பாடசாலை ரீச்சர் அன்ரனீற்றாதான் வெரோணிக்கா. அவளிடம் ரெண்டு துணி இருக்கும். ஒன்று வெறும் துணி, துடைக்க. மற்றது யேசுவின் முகம் வரைந்த துணி, முந்தானைக்குள். துடைத்துவிட்டு மாற்றி எடுத்து, முகம் துணியில் பதிந்துவிட்டதென்று சனத்துக்குக் காட்டவேண்டும், ஒவ்வொரு வருசமும் அதுதான் முறை. ரீச்சர் பக்தியோடு, கொஞ்சம் அழுத்தித்தான் துடைத்தாள்.

துணியோடு முகம் வந்துவிட்டது.

நெற்றி ஒரு துண்டு, வலது கன்னம் முழுக்க, மூக்குத்தண்டு, அதோடு தாடியில் பாதி. ரீச்சருக்கு அந்த நேரத்தில் எந்தத் துணியென்றே தெரியவில்லை. பழக்கத்தில் கையில் இருந்ததை விரித்துச் சனத்துக்குக் காட்டிவிட்டாள். பன்னிரண்டு அடித் திரையில், வெள்ளைத் துணியில், கபில நிறத்தில், ஒரு மனுசமுகம்.

 முன்வரிசையில் ஒரு பெண் "ஆண்டவரே!" என்று முழந்தாளில் விழுந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் விழுந்தார்கள். பாதர்கூடப் பாதி குனிந்துவிட்டு, பிறகு இது ஒத்திகை என்று ஞாபகம் வந்து நிமிர்ந்தார். கமெரா செபஸ்தியாம்பிள்ளையின் முகத்துக்குப் போனது. பாதி பழைய தோல், பாதி இளஞ்சிவப்பாகப் பச்சைத் தோல், கண்ணிலிருந்து நீர் வழிந்து அந்தப் பச்சைத் தோலில் ஓடிக்கொண்டிருந்தது. உப்புத்தண்ணீர், எரியாமல் என்ன செய்யும்? மனுசன் வாய் திறக்கவில்லை. அடுத்த அடி எடுத்து வைத்தார்.

அரை மணித்தியாலத்துக்குள் பாரிசிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் போன் வரத் தொடங்கிவிட்டது. மரியநாயகம் ரெண்டு காதிலும் ரெண்டு போனை வைத்துக்கொண்டு அழுதார். "தீர்மானம் என்ன தீர்மானம்! செபஸ்தியாம்பிள்ளைதான்! வெள்ளிக்கிழமையும் இதே மாதிரி வேணும், ஒரு தோலும் குறையக்கூடாது!"

செபஸ்தியாம்பிள்ளைக்கு கால் நிலத்தில் பாவாத மாதிரி இருந்தது. வென்றுவிட்டார். ஊரே எழும்பி நின்று வழிவிட்டது. வீட்டுக்கு வந்து கண்ணாடி பார்த்தபோதுதான், பசை இருந்த இடத்தில் நீர் வடிவதைக் கண்டார். அவர் கண்ணாடிக்கு முன் நிற்கிற நேரத்தில் சந்தனம் வேணுஜாவுக்குப் போன் எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை காலை வேணுஜாவின் ஸ்கூட்டி வாசலில் வந்து நின்றது. முகத்தைப் பார்த்தாள். வாயில் கை வைத்தாள். பிறகு திருச்சி வந்துவிட்டது.

"என்ன நினைச்சுக்கிட்டு இருக்கீங்க நீங்க? பாஸ்போட்டாம் பாஸ்போட்டு! பசை போட்டு தாடி ஒட்டுனீங்களா? ஒண்ணுன்னு சொன்னீங்களே அங்கிள், எத்தனைவாட்டி கேட்டேன்! நிசமா எத்தனை?"

"எட்டு" என்றார் செபஸ்தியாம்பிள்ளை. பிறகு, "கடைசியில ஒன்பதரை."

"ஏன் சொல்லலை?"

"தவக்காலம், பிள்ளை."

அவள் தொப்பென்று படியில் இருந்துவிட்டாள். அவளுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எட்டு வருசமாக ஒருவர் முகத்திலும் ஒரு வடு வைத்தவளில்லை. நோவைச் சொல்லாத ஆளுக்குத் தான் எப்படி வேலை செய்வது என்று கேட்டாள். பிறகு எழும்பி, ஆளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய்த் தோல் டொக்டரிடம் காட்டினாள். நடந்ததை ஒளிக்காமல் தானே சொன்னாள், தான் கூட நேரம் விட்டதையும் சேர்த்து. டொக்டர் களிம்பு கொடுத்தார். சும்மா விட்டால் ஆறும், ரெண்டு கிழமைக்குப் பசை, பவுடர், வெயில், தேய்ப்பு ஒன்றும் கூடாது, மீறினால் கறுப்புப் படையும் வடுவும் சாகும்வரை நிற்கும் என்றார்.

செவ்வாய்க்கிழமை கமிற்றி கூடியது. வேணுஜாவும் வந்திருந்தாள், கூப்பிடாமலே. டொக்டர் சொன்னதைச் சொன்னாள். மரியநாயகம் கவனமாகக் கேட்டுவிட்டு, "அது சரி, பிள்ளை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சரியா உரியிற மாதிரி இப்ப ஏதும் பூசேலாதோ?" என்றார்.

"சார், அது முகம். பத்திரிகை இல்ல, நாள் பாத்து வெளியிடுறதுக்கு."

கன்னத்துக்குப் பதிலாகக் கையில் பூசிக் கையைத் துடைக்கலாமா என்று ஒரு கமிற்றிக்காரர் கேட்டார். அவரைப் பாதர் உட்காரச் சொன்னார். பிறகு செபஸ்தியாம்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"ஐயா, இது உங்கட முகம். நீங்கள்தான் சொல்லவேணும். ஏலுமோ?"

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏலும் என்று சொன்னால் போதும். ஒரு சொல். இருபத்துமூன்றாவது வருசமும் அவர்தான், அதுவும் பாரிஸ், ரொறன்ரோ முழுக்கப் பார்க்க. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரத்தில் சாளரத்தால் வந்த வெயில் கன்னத்தில் பட்டது. சும்மா ஒரு கீற்று வெயில். உயிர் போனது.

"ஏலாது, பாதர்" என்றார். குரல் தன்னுடையது மாதிரி இல்லை. "சரியா நோகுது."

 அந்தச் சொல்லை அவர் வாயால் அவர்கள் கேட்டதில்லை, அவரும் கேட்டதில்லை. மரியநாயகம் குனிந்து கடதாசியில் பிரதீபன் என்று எழுதினார். செபஸ்தியாம்பிள்ளை வீட்டுக்கு வந்து பின்பக்கம் போய், வலைக்குவியலுக்குப் பக்கத்தில் இருந்து விம்மி விம்மி அழுதார். அழுதால் எரியும் என்று தெரிந்தும் அழுதார்.

பெரிய வெள்ளி பின்னேரம் அவர் போவதில்லை என்றுதான் இருந்தார். சந்தனம்தான் வெளிக்கிட வைத்தாள். நெற்றி முதல் கழுத்து வரை சன்கிறீம் பூசி, தொப்பி போட்டு, அகலக் குடையும் பிடித்துப் பந்தலுக்குள் நிழல் பார்த்து இருத்தினாள். இருபத்திரண்டு வருசத்துக்குப் பிறகு முதல்தரம் சனத்துக்குள் இருந்து பார்க்கிறார். கழுத்தை எந்தப் பக்கம் வைப்பதென்றே பிடிபடவில்லை. பிரதீபனுக்குக் கசையடி விழும்போது இவருடைய தோள் தானாகக் குலுங்கியது. என்ர கடவுளே, அங்கே நிற்கவேண்டியது நானல்லவா என்று நெஞ்சு வெந்தது.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். சந்தனம் நிலத்தில் சப்பாணி கட்டி, நாடியில் கை வைத்து, நல்ல வசதியாக இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெடியன் நல்லாத்தான் செய்யிறான்" என்றாள். "ஆனா சாட்டையைக் கண்டவுடனேயே கண்ணை மூடுறான், அதுதான் பிழை."

செபஸ்தியாம்பிள்ளைக்குச் சுர்ரென்றது. "ஆண்டவரை அடிக்கிறாங்கள். உனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரேல்லையே?"

"ஆண்டவர் ஞாயிற்றுக்கிழமை எழும்பிடுவார்" என்றாள் சந்தனம், கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல். "இஞ்சேருங்கோ, இருபத்திரண்டு வருசமா இந்த இடத்திலதான் இருந்தனான். ஒரு வருசமும் நான் நாடகம் பார்க்கேல்லை. என்ர மனுசனுக்கு அடிக்கிறதைத்தான் பார்த்தனான். சிலுவையோட ரெண்டாந்தரம் விழேக்க உங்கட முழங்கால் கல்லில படுற சத்தம் கேக்கும். இவ்வளவு சனத்துக்குள்ள அது எனக்கு மட்டுந்தான் கேக்கும். அதோட நான் சீலைத் தலைப்பால முகத்தை மூடிப்போடுவன். அதுக்குப் பிறகு என்ன நடக்கிறதெண்டு எனக்கு இண்டைவரைக்கும் தெரியாது."

 மேடையில் சிலுவை கிறீச்சென்று இழுபட்டது. சந்தனம் குடையை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் சரித்துப் பிடித்துக்கொண்டு முன்னுக்குக் குனிந்தாள்.

"கதைக்காமல் இருங்கோ" என்றாள். "இனித்தான் எனக்குத் தெரியாத பகுதி வருது."